ஏரிக்கரையில் ஒரு பகல்

வங்காளத்திற்குப் பிழைக்க வந்த நம்மவர் எல்லாரும் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. இந்நாட்டில் மீன் என்பது வெறும் உணவுப் பொருள் அன்று. திருமண வீட்டிற்குச் சீர்வரிசை செல்லும்போது, புடவை சுற்றி அலங்கரித்த ரோகு மீன் ஒன்று தாம்பாளத்தில் மணப்பெண்ணைப் போல் கொலுவிருந்து செல்லும். மழைக்காலம் வந்துவிட்டால் காரியாலயத்தில் அரசியலைவிட இலிஷ் மீனின் விலையே பெரிய விவாதம். இவற்றையெல்லாம் நாம் பார்த்தும் கேட்டும் பழகிவிட்டோம். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குடையும் நீண்ட தூண்டிற்கழியும் ஏந்தி, முதல் உள்ளூர் வண்டியைப் பிடிக்க ஓடும் அந்த மனிதர்கள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று நம்மில் பலர் விசாரித்ததில்லை. பயணச்சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தாக்களாகிய நாங்களும் அவர்களுக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததோடு சரி.

எங்கள் கரக்பூரில் தமிழ்க் குடும்பங்கள் நேற்று வந்தவை அல்ல. வங்காள நாகபுரி ரயில்வேயின் பட்டறை இங்கே எழுந்த காலத்திலேயே தெலுங்கரும் தமிழரும் வந்து குடியேறினர். மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை என்று சொல்லத்தக்க வீடுகள் குடியிருப்பில் உள்ளன. பொங்கல் விழாவும், ஆண்டுக்கொரு முறை திகாக் கடற்கரைக்கோ பூரிக்கோ உல்லாசப் பிரயாணமும் எங்களுக்குள் வழக்கமாக நடப்பவை. 2024-ஆம் ஆண்டில் அந்தப் பிரயாணத்துக்குப் பதிலாக மீன் பிடிக்கப் போகலாம் என்ற யோசனையைத் தந்தவர் ஒரு வங்காளி. பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் ‘தாதா’. முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு கணக்குப் பார்த்தோம். பிறகு ஆறு குடும்பங்கள் பெயர் கொடுத்தன.

புரட்டாசி முடியட்டும் என்பது வீட்டுப் பெண்மணிகளின் உத்தரவு. ஆகவே ஐப்பசி பிறந்த பின் வந்த முதல் ஞாயிறு, அக்டோபர் 20 என்று நாள் குறித்தோம். ஆறு குடும்பங்களில் இரண்டு மரக்கறி உண்பவை. ‘மீனைத் தொட மாட்டோம், ஏரியைப் பார்க்கத் தடையில்லையே’ என்று கூறி அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் அவர்கள் பொறுப்பு.

இங்கே மீன் பிடிப்பதற்கும் டிக்கெட் உண்டு என்பதை அறிந்தபோது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பெரிய ஏரியையோ குளத்தையோ உடையவர், அல்லது குத்தகைக்கு எடுத்தவர், குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் கரையிலுள்ள இடங்களை டிக்கெட்டுக்கு விடுகிறார். டிக்கெட்டுக்கு இத்தனை தூண்டில் என்று வரம்பு. எந்த இடம் எவருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். பணக்காரரும் ஏழையும் குலுக்கலுக்கு முன் சமம். நாங்கள் சென்ற ஏரியில் டிக்கெட் 1,200 ரூபாய். இரண்டு டிக்கெட் வாங்கி, குடும்பத்திற்கு 400 ரூபாய் என்று பங்கிட்டுக்கொண்டோம். ‘ஆயுள் முழுவதும் டிக்கெட் விற்றவர்கள் இன்று வரிசையில் நின்று வாங்குகிறீர்கள்’ என்று தாதா கேலி செய்தார்.

இவ்விடத்தில் எங்களுடன் வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நண்பர் ஒருவரின் தந்தை அவர். வீராணம் ஏரியின் பாசனத்தில் மூன்று காணி நிலம் உழுது வாழ்ந்தவர். மனைவி காலமான பின், தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் அழைத்து வந்துவிட்டார். கரக்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும் பேரனுக்குத் தமிழ் காதில் ஏறும், நாவில் வராது. இந்தியிலும் வங்காளியிலும் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். பெரியவருக்கு அவ்விரண்டும் தெரியா. பகல் முழுவதும் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் நாங்கள் யாரேனும் அவ்வழியே சென்றால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ‘தம்பி, ஊருக்கு டிக்கெட் கிடைக்குமா?’

ஊர் இங்கிருந்து 1,700 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே பூட்டிய வீடு ஒன்றுதான் இருக்கிறது. சமைத்துப் போட ஆளில்லை. ‘விளக்கேற்றாமல் வீடு கிடக்கலாமா?’ என்பது அவர் வாதம். ‘விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள்?’ என்பது மகன் வாதம். இரண்டும் நியாயம், ஆகவே தீர்வு இல்லை. தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசுவதே குறைந்து போயிற்று. முடிவில் மகனே மனம் சலித்து, அக்டோபர் 24-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். துணைக்கு ஆள் கிடையாது, தனிப் பிரயாணம். ஏரிக்குப் போவதற்கு நான்கு நாட்களுக்குப் பின் அவர் புறப்படுவதாக ஏற்பாடு. ‘போகிற மனிதர், ஒரு நாள் எங்களோடு வெளியே வரட்டுமே’ என்றுதான் அவரையும் கூப்பிட்டோம்.

அதிகாலை உள்ளூர் வண்டியில் ஏறி, ஜக்பூர், மாத்பூர் தாண்டிப் பாலிச்சக்கில் இறங்கினோம். அங்கிருந்து ‘டோட்டோ’ எனப்படும் மின்சார ரிக்‌ஷாக்கள். இருபுறமும் கதிர் வாங்கும் பருவத்து நெல். மண்ணின் நிறம் வேறு, மரங்கள் வேறு. எனினும் வரப்பு வரப்பேயன்றோ! பெரியவர் வழி நெடுக வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரி என்று நாம் சொன்னாலும் இங்கே அதனைத் ‘திகி’ என்பார்கள். எப்போதோ ஒரு ஜமீன்தார் வெட்டியது. நாற்புறமும் உயர்ந்த கரை, கரையில் தென்னையும் ஆலும், நடுவில் கண்ணாடி போன்ற நீர். கரையோரம் மூங்கிலால் பரண் கட்டி நீருக்குள் சிறிது நீட்டியிருக்கிறார்கள். அதுவே நமக்குரிய ஆசனம். குலுக்கலில் எங்களுக்குக் கிடைத்தவை கீழ்க்கரையில் அடுத்தடுத்த இரண்டு பரண்கள். தாதா கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். முற்பகல் வெயில் முதுகில் விழும், கண்ணில் கூசாது என்பது அவருடைய மகிழ்ச்சி.

அடுத்து நடந்தது மீன்பிடிப்பா, சமையலா என்று எங்கள் பெண்மணிகள் ஐயுற்றனர். தாதா மூட்டையை அவிழ்த்தார். கடுகுப் பிண்ணாக்கு, தவிடு, வறுத்துப் பொடித்த வெந்தயம், இன்னும் பெயர் தெரியாத வாசனைப் பொருள்கள். எல்லாவற்றையும் ஏரி நீர் விட்டுப் பிசைந்து உருண்டைகளாக்கி, தூண்டில் விழவேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாக எறிந்தார். இதற்குச் ‘சார்’ என்று பெயர். விருந்துக்கு அழைப்பிதழ் போன்றது. வாசனையை நாடி மீன்கள் வந்து கூடும். முள்ளில் குத்தும் இரை வேறு. ரொட்டி மாவு ஒன்று. மற்றொன்று செவ்வெறும்பின் முட்டை. நம் பக்கத்தில் முசுறு என்போமே, அந்த எறும்பினுடையது. மரத்தில் இலைகளைத் தைத்துக் கட்டிய கூட்டிலிருந்து, கடிபட்டுக்கொண்டு எடுக்க வேண்டிய பண்டம் அது. மிதவை மயில்பீலியின் தண்டு. நீரின் மேல் செங்குத்தாக, சிவப்பு நுனி மட்டும் தெரிய நிற்கும்.

ஒரே ஏரியில் மூன்று தளம் உண்டு என்பதையும் தாதாவே விளக்கினார். கட்லா மேல்நீரில் மேயும். ரோகு நடுநீரில் வாழும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். ஒன்றன் உணவில் மற்றொன்று பெரிதாகக் கை வைப்பதில்லை. அதனால்தான் மூன்றையும் ஒரே நீரில் சேர்த்து வளர்க்கிறார்கள். எந்த மீனை நாடுகிறோமோ, அந்த ஆழத்துக்கு முள்ளை இறக்க வேண்டும்.

பிறகு காத்திருத்தல். தூண்டிற்காரனுக்கு வேலையில் பெரும்பகுதி அதுதான். காத்திருந்த நேரத்தில் பேச்சு, இம்மீன்களின் பூர்வீகத்தைப் பற்றித் திரும்பிற்று. நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி அது. கட்லாவும் ரோகுவும் குளத்தில் கொழுத்து வளரும். ஆனால் தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்கா. மழைக்கால வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் அவை முட்டையிடும். ஆகையால் பழங்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டி, மீன் குஞ்சுகளைச் சேகரித்துக் குளங்களுக்குக் கொண்டுபோனார்கள். இந்த நிலையை மாற்றியவர் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, ஒடிசாவில், கே. எச். அலிகுன்ஹியுடன் சேர்ந்து, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே செலுத்தி, ஆறு இல்லாமலே இம்மீன்களை முட்டையிடச் செய்தார். அந்த நாளின் நினைவாகவே ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அதற்கு முன் குஞ்சுகள் தொலைதூரம் சென்றது பெரும்பாலும் ரயிலில். எங்கள் அலுவலகத்தின் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மண் பானைகளிலும் உலோகக் குடங்களிலும் நீர் நிரப்பிக் குஞ்சுகளை விட்டு வண்டியில் ஏற்றுவார்கள். கூடவே ஆள் செல்வான். அவன் வேலை என்ன தெரியுமா? இறங்கும் ஊர் வரை பானையை அசைத்துக்கொண்டே இருப்பது. நீர் அசைந்தால்தான் அதில் காற்றுக் கலக்கும்; காற்றுக் கலந்தால்தான் குஞ்சு பிழைக்கும். இராத்திரி கண்ணயர்ந்து கை நின்றுவிட்டால், விடியும்போது குஞ்சுகள் வெள்ளையாக மிதக்கும்.

இதைத் தமிழில் பெரியவருக்குச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘எங்கள் பக்கம் கட்லா முன்காலத்தில் கிடையாது, என் பாட்டனுக்கு அந்தப் பெயரே தெரியாது. இப்போது சந்தையில் அதுதான் குவிந்து கிடக்கிறது’ என்றார். உண்மைதான். கட்லா காவிரிக்கு உரிய மீன் அன்று. பிற்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டது. இன்று மேட்டூர் அணையில் கட்லாவும் ரோகுவும் ஊர்க்காரர்களாகிவிட்டன. வடக்கத்தி மீன் நம் ஊருக்குப் போயிருக்க, நாம் இங்கே வந்திருக்கிறோம்.

பத்து மணி அளவில் பெரியவர் நாங்கள் கேளாமலே எழுந்து, தாதாவின் பரணில் போய் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. நீர்மேல் சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. தாதா ஆவலுடன் தூண்டிலை அப்பக்கம் வீசப் போனார். பெரியவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, ‘மீன் இல்லை, ஆமை’ என்றார். தாதா விழித்தார். பெரியவர் உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை நான்கு கால்களாக அசைத்துக் காட்டினார். சிறிது நேரத்தில் அவ்விடத்தில் ஓர் ஆமையின் தலை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறைந்தது. தாதா வாய்விட்டுச் சிரித்தார். ‘கச்சப்!’ என்றார். ‘ஆமை’ என்றார் பெரியவர். அதன்பின் அவ்விருவரையும் பிரிக்க முடியவில்லை. வீராணத்தின் மதகடியில் விராலும் கெளுத்தியும் ஆராலும் பிடித்த கதைகளைப் பெரியவர் தமிழில் சொல்லிக்கொண்டே போக, தாதா வங்காளியில் ‘ஆமாம், ஆமாம்’ என்று ஒப்புக்கொண்டு போனார். எட்டு மாதத்தில் அவர் பேசியதைவிட அன்று பேசியது அதிகம் என்று மருமகள் எங்கள் வீட்டாரிடம் மெல்லச் சொன்னார்.

நண்பகலுக்குச் சற்று முன்பு, பேரன் கவனித்துக்கொண்டிருந்த தூண்டிலின் மிதவை ஒரு முறை சாய்ந்தது, நிமிர்ந்தது, திடீரென மறைந்தது. பையன் கழியைத் தூக்கினான். உருளை கிறீச்சிட்டுச் சுழன்றது. ‘கட்லா!’ என்று தாதா கூவினார்.

அப்போது நாங்கள் கண்ட காட்சியை இங்கே குறிப்பிடாமலிருக்க இயலாது. எங்களுக்கு இருபுறமும் இருந்த பரண்காரர்கள், முன்பின் அறியாத அயலார், தங்கள் தூண்டில்களை ஒரு நொடியில் சுருட்டி மேலே எடுத்துவிட்டார்கள். ஒருவனுக்கு மீன் சிக்கினால், அது நரம்புகளில் புகுந்து சிக்கலாகாமல் இருக்க, மற்றவர் தம் தூண்டிலை எடுத்துவிடுவது இவர்களிடையே எழுதாத சட்டம். தம் மிதவைக்கடியில் அந்நேரம் மீன் நின்றாலும் சரி, எடுத்துவிடவேண்டும். எவரும் முணுமுணுக்கவில்லை. ரயில் பெட்டியில் இடத்திற்காக நடக்கும் சண்டைகளை அன்றாடம் பார்க்கும் எங்களுக்கு அது வியப்பாக இருந்தது.

பையன் பதறிக் கழியை இழுக்கத் தொடங்கினான். பெரியவர் அவன் பின்னால் போய் நின்றார். கழியை வாங்கவில்லை, தோளில் கை மட்டும் வைத்தார். ‘இழுக்காதே. விடு. போகட்டும். விட்டுப் பிடி’ என்றார். அதே சமயம் தாதா இன்னொரு பக்கத்திலிருந்து ‘சாடோ, சாடோ’ என்று கத்தினார். ‘விடு’ என்பதற்கு வங்காளிச் சொல் அது. இரு மொழியிலும் ஒரே உபதேசம். பையன் விட்டான். மீன் ஏரியின் நடுவரை ஓடிற்று. பின் சற்று இழுத்தான், மறுபடி விட்டான். இருபது நிமிடம் இப்படியே. ‘தாத்தா, கை வலிக்குது’ என்று அவன் தமிழில் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். அதை எவரும் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. பேசியிருந்தால் மறுபடி வாயை மூடிக்கொண்டிருப்பான்.

கைவலையில் ஏந்திக் கரைக்குக் கொண்டுவந்தபோது மீன் நாலரைக் கிலோ இருந்தது. பெரிய தலை, மேல்நோக்கிய வாய், வெள்ளித் தகடு போன்ற செதில். அன்றைய ஏரியில் அதுவே பெரியது என்று சொல்வதற்கில்லை. எதிர்க்கரையில் ஒருவர் அதைப்போல் இரண்டு மடங்கு பிடித்தார். மாலைவரை எங்களுக்குக் கிடைத்தவை மேலும் இரண்டு ரோகு, ஒரு மிர்கால். மொத்தம் எட்டரைக் கிலோ. டிக்கெட், இரை, டோட்டோ, தேநீர் என்று கூட்டிப் பார்த்தால், அதே மீனைச் சந்தையில் வாங்கியிருப்பது லாபம். கணக்கு எழுதும் பொறுப்பை ஏற்றிருந்த மரக்கறி நண்பர் இதனைப் பலமுறை எடுத்துரைத்தார். மீன் நான்கு பங்காயிற்று. தாதாவுக்கென்று தலையை ஒதுக்கினோம். கட்லாவின் தலை அவர்களுக்குப் பெருமைக்குரிய பங்கு. புளியோதரையை அவர் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். அந்த வாரமே ‘டானா’ புயல் வந்தது. அக்டோபர் 24 இரவு தொடங்கி 25 அதிகாலையில் ஒடிசாக் கரையைக் கடந்தது. எங்கள் பகுதி வண்டிகள் பல ரத்தாயின. பெரியவர் செல்லவேண்டிய வண்டியும் அவற்றில் ஒன்று. பணம் திரும்பி வந்தது. மறு டிக்கெட் எடுக்கட்டுமா என்று மகன் கேட்டார். பெரியவர் நாற்காலியிலிருந்தபடியே, ‘எந்த டிக்கெட்? அந்த ஏரிக்கா?’ என்று கேட்டாராம்.

அதனால் அவர் ஊரை மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். கார்த்திகையில் மனைவியின் திதிக்கு ஊர் சென்றார். இம்முறை மகனும் பேரனும் உடன் சென்றனர். மாசியில் தாமாகவே திரும்பி வந்தார். தாதாவுக்கென்று கருப்பட்டி கொண்டுவந்தார். வீட்டைப் பற்றிய கவலையும் வாக்குவாதமும் இன்றும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை. ஆனால் இப்போது இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

நேயர்களே, நம் சங்கக் குடும்பங்களில் இவரைப் போன்ற பெரியவர்கள் இன்னும் பலர் உளர். ஒரு நீரிலிருந்து எடுத்து மற்றொரு நீருக்கு அவர்களைக் கொண்டுவருகிறோம். உணவு, மருந்து, மெத்தை எல்லாம் குறைவின்றித் தருகிறோம். பானை நிறைய நீர் இருக்கிறது. அசைக்கும் கைதான் இல்லை. அவர்களுக்கு வேண்டியது உபசாரம் மட்டும் அன்று. தாம் அறிந்த ஒரு வேலை, அதை மதிக்கும் ஒரு துணை, கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளை. ஒருவருக்குத் தூண்டில் எப்படியோ, மற்றொருவருக்குத் தோட்டமோ, பாட்டோ, கோலமோ, தச்சுவேலையோ இருக்கக்கூடும். அது என்னவென்று வீட்டிலுள்ளவர்களே கேட்டறிந்து சங்கத்திற்குத் தெரிவித்தால் போதும்; கூடி ஏற்பாடு செய்வது கடினமன்று.

அடுத்த டிக்கெட் நாளுக்குத் தாதா மூன்று பரண்கள் பேசி வைத்திருக்கிறார். வர விரும்புவோர் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும். குடை அவசியம். வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அவர்கள் பங்கை மற்றவர்கள் ஏற்பதென முடிவு செய்திருக்கிறோம்.